தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி நின்ன சர்வரும், அதுக்கப்புறம் நான் எழுதின ஷெல் ஸ்கிரிப்ட்டும்

நான் ஈரோட்ல தனியாளா பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணி குடுத்துட்டு இருக்கேன். 2023ல பதினோரு ஜவுளிக் கடைங்க என்கிட்ட இருந்தாங்க, எல்லாருக்கும் ஒரே சர்வர்தான், 2 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க், வாடகைக்கு எடுத்தது. கடைக்கு மாசம் 1,500 ரூபா வாங்குறேன், அதுல பெரிய சர்வர் எடுத்தா எனக்கு டீக்கு கூட மிஞ்சாது. நாலு வருஷம் அது பாட்டுக்கு ஓடுச்சு. ஓடுறதைப் பாத்து பாத்து நல்லா இருக்குன்னே முடிவு பண்ணிட்டேன், கண்காணிக்கணும்ங்கற நெனப்பே வரல. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணினதாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

பில்லு எல்லாம் சேமிக்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான மைஎஸ்க்யூஎல் 5.7க்கு 2023 அக்டோபரோட ஆதரவு முடியுதுன்னு தெரிஞ்சு, பொறுப்பான ஆளா அக்டோபர் 14ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி உக்காந்து 8.0க்கு மாத்தினேன். எல்லாம் ஓடுச்சு, பில்லு வந்துச்சு, தூங்கப் போயிட்டேன். எனக்குத் தெரியாத ஒரு விஷயம், 8.0ல பின்லாக் தானாவே ஆன் ஆகி இருக்கும், பழையதுல நாமளா போட்டாத்தான் உண்டு. பின்லாக்னா டேட்டாபேஸ்ல நடக்கற ஒவ்வொரு மாத்தத்தையும் தனியா எழுதி வெக்கற டைரி மாதிரி. அந்த டைரியை 30 நாளைக்கு அழிக்காம வெச்சிருக்கும், அதுதான் டீஃபால்ட். இதுல என் பங்குக்கு நானும் ஒரு கூத்து பண்ணி வெச்சிருந்தேன், தினம் ராத்திரி எல்லா கடையோட ஸ்டாக் டேபிளையும் ஒரு வரி விடாம அப்டேட் பண்ற வேலை ஒண்ணு ஓடும். ஒவ்வொரு வரிக்கும் மாத்தறதுக்கு முன்னாடி இருந்தது, மாத்தினது ரெண்டையும் பின்லாக் எழுதும். ஒரு நாளைக்கு 700 எம்பி. மாத்தின அன்னிக்கு டிஸ்க்ல 19 ஜிபிதான் நிறைஞ்சிருந்துச்சு, 27 நாள்ல இன்னொரு 19 ஜிபி சேந்துருச்சு. 30 நாள் தாண்டியிருந்தா பழசை அதுவே அழிக்க ஆரம்பிச்சிருக்கும். மூணே நாள்ல கவுத்துருச்சு.

நவம்பர் 10, வெள்ளிக்கிழமை, சாயந்தரம் ஆறே முக்கால். ஞாயித்துக்கிழமை தீபாவளி. ஜவுளிக்கடைக்கு அந்த நேரம் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. முதல் போன், "தம்பி, பில்லு போட்டா சுத்திக்கிட்டே இருக்குதுங்க, கடைல நிக்க எடமில்ல, கொஞ்சம் பாருங்க." ரெண்டு நிமிஷத்துல அடுத்த கடை. அப்புறம் போனை எடுக்கவே கை வரல. எரர்னு எதுவுமே இல்ல, அதான் என்னைக் குழப்புச்சு. பேஜ் திறக்குது, பழைய பில்லு தெரியுது, புது பில்லு சேவ் பண்ணா மட்டும் சுத்துது. நெட்வொர்க்கா இருக்கும்னு நெனச்சேன், வெப் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணேன், என் சாஃப்ட்வேரை ஓட்டற பிஹெச்பியை ரீஸ்டார்ட் பண்ணேன், பண்டிகை லோடு தாங்கலன்னு கூட நெனச்சேன். நாப்பது நிமிஷம் இப்படியே போச்சு. கடைசில ஃபைல் பேரை முழுசா டைப் பண்ண சோம்பல் பட்டு டேப் கீயைத் தட்டினேன், உடனே தற்காலிக ஃபைல் உருவாக்க முடியல, டிஸ்க்ல இடமில்லன்னு பேஷ், அதாவது நாம கமாண்ட் அடிக்கற ஷெல், ஒரு வரி துப்புச்சு. அப்பதான் டிஸ்க் எவ்ளோ நிறைஞ்சிருக்குன்னு காட்டற டிஎஃப் கமாண்டைப் போட்டுப் பாத்தேன். 100 சதவீதம்.

டிஸ்க் நிறைஞ்சா மைஎஸ்க்யூஎல் சாகாது, யாராவது இடம் காலி பண்ணுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கும், நிமிஷத்துக்கு ஒரு தடவை மறுபடி எழுதிப் பாக்கும். இது அதோட எரர் லாக்லயே தெளிவா எழுதி இருந்துச்சு, நான்தான் அதைத் திறக்கவே இல்ல. நான் பண்ணது என்னன்னா, பதட்டத்துல முதல்ல 1.2 ஜிபி இருந்த அப்ளிகேஷன் லாகை டெலீட் பண்ணேன், டிஎஃப்ல ஒரு எம்பி கூட குறையல. ஒரு புராசஸ் அந்த ஃபைலைத் திறந்து பிடிச்சிட்டு இருந்தா, பேரு போனாலும் இடம் போகாது. எல்எஸ்ஓஎஃப் கமாண்டுல டெலீட் ஆகியும் திறந்திருக்கற ஃபைலைக் காட்டுற ஆப்ஷன் இருக்குன்னு அப்புறமாதான் கத்துக்கிட்டேன். லாகை டெலீட் பண்ணாம, உள்ளே இருக்கறதை மட்டும் காலி பண்ணி சைஸை ஜீரோ ஆக்கியிருந்தா அங்கயே வேலை முடிஞ்சிருக்கும்.

அடுத்து பின்லாக் ஃபைலுங்க 19 ஜிபி இருக்கறதைப் பாத்தேன், கண்ணை மூடிட்டு நம்பர் போட்ட எல்லாத்தையும் டெலீட் பண்ணேன். இடம் வந்துருச்சு. ஒரு நிமிஷம் கையைக் கட்டிட்டு இருந்திருந்தா மைஎஸ்க்யூஎல் அதுவா எந்திரிச்சிருக்கும். நான் ரீஸ்டார்ட் குடுத்தேன். பின்லாக் பேரெல்லாம் வரிசையா எழுதி வெச்சிருக்கற இண்டெக்ஸ் ஃபைல்ல கடைசியா இருக்கற பின்லாகைத் தேடுச்சு, அதைத்தான் நான் அழிச்சிட்டேனே, ஸ்டார்ட்டே ஆகாம நின்னுருச்சு. அந்த இண்டெக்ஸ் ஃபைலையும் நகத்தி வெச்சா போதும்னு கண்டுபிடிக்க ராத்திரி பன்னெண்டரை ஆச்சு. அதனால சொல்றேன், பின்லாகை எப்பவும் மைஎஸ்க்யூஎல் உள்ள போய் அதுக்குன்னு இருக்கற பர்ஜ் கமாண்டாலதான் அழிக்கணும், கையால கூடவே கூடாது.

அன்னிக்கு ராத்திரி முழுக்க கடைங்கள்ல கையால பில்லு எழுதினாங்க. சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் ரெண்டு பசங்களை வெச்சு அதையெல்லாம் சிஸ்டத்துல ஏத்தினோம், அவங்களுக்கு 6,000. ஒரு கடை அண்ணன் ஒரு வார்த்தை திட்டல, "கணக்கு முடிச்சுக்கலாம் தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு, அவருக்கு வருஷப் பணம் 18,000 திருப்பிக் குடுத்தேன். மத்த பத்து கடைக்கும் ஒரு மாச பணம் வேண்டாம்னுட்டேன், 15,000. மொத்தம் 39,000. திட்டியிருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு, அவரு அமைதியா சொன்னதுதான் ரொம்ப நாள் உறுத்துச்சு.

தீபாவளி அன்னிக்கு மத்தியானம் எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் முதல் ஸ்கிரிப்ட்டை எழுதினேன். சர்வரைக் கண்காணிக்கன்னே இருக்கற ப்ரொமீதியஸ், கிராஃபானா எல்லாம் தெரியாம இல்ல, ஆனா 2 ஜிபி ரேம்ல மைஎஸ்க்யூஎல்லுக்கே மூச்சு முட்டுது, அதுல கண்காணிக்க வந்தவனுக்கு விருந்து வைக்க முடியாது. சர்வர்ல ஏற்கனவே இருக்கற பேஷ், வரி வரியா படிச்சு கணக்குப் போடற ஆக், டிஎஃப், சொன்ன நேரத்துக்கு வேலையை ஓட்டற கிரான் இது போதும், புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாதுன்னு ஒரு வைராக்கியம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஓடணும், 60 சதவீதம் தாண்டினா டெலிகிராம்ல மெசேஜ் வரணும். ஏன் 60னா பயம்தான், வேற கணக்கு எதுவும் இல்ல.

இந்த ஸ்கிரிப்ட் கையால ஓட்டினா அழகா ஓடுச்சு. கிரான்ல போட்டேன், மெசேஜ் எதுவும் வரல, சரி எல்லாம் நல்லா இருக்கு போலன்னு மூணு நாள் நிம்மதியா இருந்தேன். நாலாம் நாள் பாத்தா ஒரு தடவை கூட ஓடவே இல்ல. கிரானுக்கு வேலையை எழுதி வெக்கற கிரான்டேப் வரியில தேதியைச் சேத்து லாக் ஃபைலுக்குப் பேர் வெச்சிருந்தேன், அங்க பர்சென்ட் குறி வந்தா கிரான் அதை வரி முடிஞ்சதா எடுத்துக்கும், முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போடணும். கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற லிஸ்ட்டுக்கு பாத்னு பேரு, கிரானோட பாத்தும் நம்ம லாகின் பாத்தும் வேற வேற, நாம கையால ஓட்டறப்ப கிடைக்கற கமாண்ட் அங்க கிடைக்காது. எரரை மெயில்ல அனுப்பப் பாத்திருக்கு, சர்வர்ல மெயில் அனுப்ப ஆளே இல்ல, தூக்கிப் போட்டுருச்சு. ஸ்கிரிப்ட்டோட தொடக்கத்துலயே பாத்தை எழுதிடுங்க, கிரான்டேப்ல ஸ்கிரிப்ட் பேரைத் தவிர வேற எந்த வித்தையும் காட்டாதீங்க. காலியான சூழல்ல ஓட்டிப் பாக்க ஈஎன்வி கமாண்டுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, கிரான்ல போடறதுக்கு முன்னாடி அதுல ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க. மெசேஜ் வரலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இருக்கலாம், சொல்ற ஆளே செத்துட்டான்னும் இருக்கலாம், ரெண்டும் வெளிய பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். இதுக்கு என்ன பண்ணேன்னு பின்னாடி சொல்றேன்.

சரி பண்ணதும் நேர் எதிரா போச்சு. தினம் ராத்திரி பேக்கப் எடுக்கறப்ப நாப்பது நிமிஷம் டிஸ்க் 62க்கு ஏறி இறங்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, ராத்திரிக்கு எட்டு மெசேஜ். ஒரே வாரத்துல அந்த டெலிகிராம் மெசேஜை மியூட் பண்ணிட்டேன். 39,000 ரூபா போன மனுஷன் பதினஞ்சு நாள்ல மியூட் பண்றான்னா பாத்துக்கோங்க.

அப்பதான் உக்காந்து யோசிச்சேன், எனக்கு எத்தனை சதவீதம்ங்கறது வேண்டவே வேண்டாம், எத்தனை நாள் பாக்கிங்கறதுதான் வேணும். 91 சதவீதத்துல நிக்கிற டிஸ்க்ல இன்னும் 3.4 ஜிபி இருக்கும், தினம் 10 எம்பி போனா 340 நாள் வரும், அதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பத் தேவையில்ல. 55ல நிக்கிற டிஸ்க்ல 17 ஜிபி இருக்கும், ஏதோ ஒரு லாக் வெறி பிடிச்சு மணிக்கு ஒரு ஜிபி எழுதினா 17 மணி நேரம், அதுக்கு கண்டிப்பா எழுப்பணும். நேர்மையா சொல்லணும்னா தீபாவளி சமயத்துல சும்மா 90க்கு ஒரு மெசேஜ் வந்திருந்தாலே எனக்கு அஞ்சு நாள் கிடைச்சிருக்கும், அதையும் நான் வெக்கல, அது தனிக்கதை.

கணிக்கறதுன்னு சொன்னா ஏதோ பெரிய மெஷின் லேர்னிங்னு நெனச்சுக்காதீங்க. ஸ்கூல்ல கிராஃப் ஷீட்ல புள்ளி வெச்சு நடுவுல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு போடுவோமே, அதேதான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த நேரத்தையும் மிச்ச இடத்தையும் ஒரு வரியா ஃபைல்ல சேக்கறேன். நேரத்தை 1970 ஜனவரி 1லேர்ந்து ஓடற செகண்ட் கணக்குல வெச்சா கழிக்கறது சுலபம். அப்புறம் ஆக்ல லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையில சரிவைக் கண்டுபிடிக்கறேன், இருபது வரி கூட வராது. மிச்ச இடத்தை சரிவால வகுத்தா எத்தனை செகண்ட்ல ஜீரோ ஆகும்னு வந்துரும். ப்ரொமீதியஸ்ல இருக்கற ப்ரெடிக்ட் லீனியர்ங்கற ஃபங்ஷனும் உள்ள இதே கோட்டைத்தான் போடுது. சரிவு ஏறுமுகமா இருந்தாலோ ஜீரோவா இருந்தாலோ வகுக்காம வெளிய வந்துடணும், இல்லன்னா மைனஸ் 400 நாள்னு மெசேஜ் வரும், எனக்கு வந்துச்சு.

இதுல எதை மிச்சம்னு எடுக்கறோம்ங்கறது முக்கியம். நான் மொத்தத்துல இருந்து யூஸ் ஆனதைக் கழிச்சேன். டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வெக்கற இஎக்ஸ்டி4ங்கற ஃபைல்சிஸ்டம்ல டீஃபால்ட்டா 5 சதவீதம் ரூட்டுக்குன்னு, அதாவது அட்மின் யூசருக்குன்னு, ஒதுக்கி வெச்சிருப்பாங்க, என் 40 ஜிபில அது 2 ஜிபி, மைஎஸ்க்யூஎல் ரூட்டா ஓடாது, அதுக்கு அந்த 2 ஜிபி கண்ணுல காட்ட மாட்டாங்க. நாளைக்கு 700 எம்பி வேகத்துல 2 ஜிபின்னா மூணு நாள் தப்பு. டிஎஃப்ல அவெய்லபிள்னு ஒரு நெடுவரிசை தனியா இருக்கு, அதை எடுங்க. டிஎஃப்புக்கு பெரிய பி ஆப்ஷனும் போடுங்க, இல்லன்னா பழைய டிஎஃப்ல டிவைஸ் பேர் நீளமா இருந்தா வரி ரெண்டா உடைஞ்சு நெடுவரிசை மாறிப் போகும்.

பேஷ்ல பட்ட அடிகளைத் தனியா ஒரு புஸ்தகமா போடலாம். ஸ்கிரிப்ட் தினம் காலைல எட்டு மணிலேர்ந்து பத்து மணி வரைக்கும் மட்டும் ஓடாது, மத்த நேரம் எல்லாம் ஓடும். நாலு நாள் மண்டையை உடைச்சேன், அந்த நேரத்துல கடை திறக்கற லோடா, நெட்வொர்க்கா, என்னென்னமோ. மணியை டேட் கமாண்டுல வாங்கி கணக்குப் போடறேன், எட்டு மணிக்கு அது 08ன்னு தரும், முன்னாடி ஜீரோ இருந்தா பேஷுக்கு அது எட்டடிமான எண், எட்டடிமானத்துல 8ம் 9ம் கிடையாது, எரர் போட்டு நின்னுரும். 07 வரைக்கும் சத்தமே இருக்காது, 10க்கு மேலயும் இருக்காது. எண்ணுக்கு முன்னாடி பத்து ஹேஷ்னு போட்டா தீந்துச்சு. அந்த வரிக்கு மேல கமென்ட்ல என்னையே திட்டி எழுதி வெச்சிருக்கேன்.

பேஷுக்கு தசமம் தெரியாது, அதனால தசமக் கணக்கு எல்லாம் ஆக்ல. ஆனா ஆக்ல சராசரி போட்டு சும்மா பிரிண்ட் பண்ணா பெரிய எண்ணை ஆறு இலக்கத்துக்கு சுருக்கி நடுவுல ஈ போட்டு தரும், அதை வாங்கி பேஷ்ல கூட்டப் போனா அது முழிக்கும். பிரிண்ட்எஃப் போட்டு முழு எண்ணா வெளிய எடுங்க. செட் ஈ போட்டா எரர் வந்ததும் நின்னுரும், பாதுகாப்புன்னு சொல்லுவாங்க, ஆனா ஃபைல்ல வார்த்தையைத் தேடற கிரெப் எதையும் கண்டுபிடிக்கலன்னாலும் அது எரர்தான். எரர் லாக்ல எரர் எதுவும் இல்லாத நல்ல நாள்ல என் ஸ்கிரிப்ட் செத்துச்சு, இதுக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல. நான் செட் ஈயை எடுத்துட்டேன், செட் யூ மட்டும் வெச்சிருக்கேன், பேர் தப்பா அடிச்ச வேரியபிளை அது பிடிச்சுக் குடுக்கும்.

டிஸ்க் நிறைஞ்சா ஸ்கிரிப்ட்டுக்கும் எழுத இடம் இருக்காதுன்னு எனக்கு முதல்ல தோணவே இல்ல. டெஸ்ட் பண்றதுக்காக வேற ஒரு சின்ன சர்வர்ல டிஸ்க்கை வேணும்னே நிரப்பிப் பாத்தேன், ரெண்டு வார ரீடிங் இருந்த ஃபைல் ஜீரோ பைட் ஆயிருச்சு. பழசை வெட்டிட்டு புதுசை அதே ஃபைல்ல எழுதறப்ப, ஷெல் முதல்ல ஃபைலை காலி பண்ணும், அப்புறம்தான் எழுதப் போகும், அங்க இடம் இல்ல. பக்கத்துலயே வேற பேர்ல எழுதி, எழுதினது முழுசா இருக்கான்னு பாத்து, அப்புறம் எம்வி கமாண்டால பேரை மாத்துங்க, ஒரே ஃபைல்சிஸ்டமா இருந்தா அது ஒரே அடியில நடக்கும், பாதியில நிக்காது. இன்னொண்ணு, 500 எம்பிக்கு ஒரு வெத்து ஃபைல் போட்டு வெச்சிருக்கேன். எல்லாம் நின்னு போச்சுன்னா அதை டெலீட் பண்ணிட்டு மூச்சு விடலாம். பாட்டி அஞ்சறைப் பெட்டில காசு ஒளிச்சு வெக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

மெசேஜ் அனுப்பற கர்ல் கமாண்டுக்கு நேர வரம்பு போடாம விட்டேன், ஒரு நாள் நெட்வொர்க் பாதியில தொங்கி, பழசு முடியறதுக்கு முன்னாடி புதுசு கிளம்பி, முப்பத்தஞ்சு ஸ்கிரிப்ட் வரிசையா நின்னுட்டு இருந்துச்சு. எஃப்லாக் போட்டா ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும், டைம்அவுட் போட்டா எதுவும் தொங்காது, ரெண்டும் சேந்தே இருக்கணும். எஃப்லாக் மட்டும் போட்டா தொங்கின ஒண்ணு மத்த எல்லாத்தையும் உள்ள விடாம கதவை அடைச்சிட்டு நிக்கும். ஒவ்வொரு தடவையும் தான் ஓட எத்தனை செகண்ட் ஆச்சுன்னு ஸ்கிரிப்ட் அதையும் ஒரு நெடுவரிசையா எழுதுது, வழக்கமா ஒண்ணோ ரெண்டோ, அது பத்து ஆச்சுன்னா சர்வர்ல வேற எங்கயோ சிக்கல்னு அர்த்தம். இதை முக்கியமில்லாததுன்னு நெனச்சுதான் சேத்தேன், இப்ப அதைத்தான் முதல்ல பாக்கறேன்.

கணிப்பு ஒழுங்கானது ரெண்டு கோடு போட்டதுக்கு அப்புறம்தான். கடைசி 6 மணி நேரத்துக்கு மட்டும் கோடு போட்டா ராத்திரி பேக்கப் ஏறறப்ப இன்னும் மூணு மணி நேரத்துல உலகம் அழியப் போகுதுன்னு சொல்லும். ஒரு வாரத்துக்கு மட்டும் போட்டா திடீர்னு வெறி பிடிக்கற லாகைக் கவனிக்காது. நீளக் கோட்டுக்கு நான் தினம் காலைல அஞ்சு மணி ரீடிங்கை மட்டும் எடுக்கறேன், அப்ப பேக்கப் முடிஞ்சு பழசும் அழிஞ்சிருக்கும், மேடு பள்ளம் இருக்காது. அந்த மாதிரி 14 நாள் ரீடிங், அதுல ஒவ்வொரு ஜோடிக்கும் சரிவு எடுத்தா 91 சரிவு வரும், வரிசைப்படுத்தி நடுவுல இருக்கறதை எடுத்துக்கறேன். என்னிக்கோ ஒரு நாள் நான் 5 ஜிபி ஃபைலைக் கொண்டு வந்து போட்டா லீஸ்ட் ஸ்கொயர்ஸ் கோடு அந்தப் பக்கமா சாஞ்சுரும், இது அசையாது. தைல்-சென் முறைன்னு இதுக்குப் பேரு இருக்கறதே எழுதி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. நீளக் கோடு 10 நாளுக்குக் கீழ வந்தா பகல்ல ஒரு மெசேஜ். குட்டைக் கோடு 6 மணி நேரத்துக்குக் கீழ, அதுவும் தொடர்ந்து மூணு தடவை, பேக்கப் நேரம் இல்லாம இருந்தா ராத்திரின்னாலும் எழுப்பும். நிலை மாறினா மட்டும்தான் மெசேஜ், அதே நிலையில இருந்தா வாயைத் திறக்காது. 10 நாளுக்குக் கீழ போய் சொல்லிட்டா திரும்ப 14 நாளுக்கு மேல வந்தாத்தான் சரியாச்சுன்னு சொல்லும், இல்லன்னா 9.9க்கும் 10.1க்கும் நடுவுல தாண்டித் தாண்டி உயிரை எடுக்கும். மியூட்டை எடுத்துட்டேன்.

இதோட நிறுத்தியிருக்கணும். அதுவே கண்டுபிடிச்சு அதுவே சரி பண்ணிக்கட்டும்னு ஆசைப்பட்டு, இடம் குறைஞ்சா ஏழு நாளுக்கு மேல ஆன எக்ஸ்போர்ட் ஃபைலை அழிக்கற வேலையைச் சேத்தேன். அந்த ஃபோல்டருக்குப் போ, பழசைத் தேடு, அழி, அவ்வளவுதான் மூணு வரி. ஒரு நாள் அந்த ஃபோல்டரோட பேரை நான்தான் மாத்தினேன், ஸ்கிரிப்ட்ல மாத்த மறந்துட்டேன். போக முடியல, அதனால இருந்த இடத்துலயே தேடி அழிச்சுது. இருந்த இடம் பில்லு பிடிஎஃப் எல்லாம் இருக்கற ஃபோல்டருக்கு மேல். ஒரு கடையோட ஒன்றரை வருஷ பிடிஎஃப் போச்சு. டேட்டாபேஸ்ல விவரம் இருந்ததால திரும்ப உருவாக்கிட்டேன், ரெண்டு ராத்திரி, கடைக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஃபோல்டர் மாத்தற வரியில, முடியலன்னா அங்கயே வெளிய போன்னு எழுதியே ஆகணும், அழிக்கற பாதை எப்பவும் முழுசா ஸ்லாஷ்லேர்ந்து தொடங்கணும், முதல் ஒரு மாசம் அழிக்காம பேரை மட்டும் லாக்ல எழுதச் சொல்லி தினம் படிங்க. இப்ப என் ஸ்கிரிப்ட் தானா பண்றது ஒண்ணே ஒண்ணுதான், பழைய பின்லாகை பர்ஜ் பண்றது, அதையும் மைஎஸ்க்யூஎல் கிட்ட சொல்லித்தான் பண்ணும். மத்தது எல்லாம் எனக்கு சொல்லும், நான் பண்ணுவேன்.

2024 ஜூன் கடைசில ஒரு புதன்கிழமை மத்தியானம் மெசேஜ் வந்துச்சு, 9 நாள்னு. பாத்தா டிஸ்க் பாதிக்கு மேல காலி. அப்புறம்தான் உறைச்சுது, அது இடத்தைப் பத்தி இல்ல, ஐநோடைப் பத்தி. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் வேணும், 40 ஜிபிக்கு கிட்டத்தட்ட 26 லட்சம்தான் கிடைக்கும், தீந்து போனா இடம் இருந்தும் புது ஃபைல் போட முடியாது. அதே கணக்கு அதுக்கும் பொருந்துமேன்னு டிசம்பர்ல சும்மா ரெண்டு வரி சேத்து வெச்சிருந்தேன். மே மாசம் கடைப் பசங்களுக்காக போன்ல ஸ்டாக் பாக்கற பேஜ் ஒண்ணு விட்டேன், நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் ஆகும், ஏற்கனவே வந்த ஆள்னு அடையாளம் காட்டற குக்கீயை அனுப்பாது, அதனால ஒவ்வொரு தடவையும் புது ஆள்னு நெனச்சு புது செஷன் ஃபைல். அறுபது போன், கடை திறந்திருக்கற பன்னெண்டு மணி நேரம், தினம் 43 ஆயிரம் ஃபைல். உபுண்டு லினக்ஸ்ல பிஹெச்பி செஷன் ஃபைலை அழிக்க தனியா ஒரு வேலை ஓடும், ஆனா அது பிஹெச்பி செட்டிங்ல எழுதியிருக்கற ஃபோல்டரை மட்டும்தான் பாக்கும், நான் கோட் உள்ள வேற ஃபோல்டருக்கு மாத்தி வெச்சிருந்தேன், பிஹெச்பி தானா அழிக்கறதும் அங்க ஆஃப்லதான் இருக்கும். பாக்கி 3 லட்சத்து 90 ஆயிரம் இருந்துச்சு. ஃபோல்டரை எல்எஸ் போட்டுப் பாத்தா திரும்பி வரவே இல்ல, நட்சத்திரக் குறி போட்டு அழிச்சா லிஸ்ட் ரொம்ப நீளம்னுச்சு, ஃபைண்ட் கமாண்டோட டெலீட் ஆப்ஷன்ல அரை மணி நேரம் ஓடி முடிஞ்சுது. ஒரு கடைக்கும் தெரியாது. நான் கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்தேன், அந்த டீ நல்லா இருந்துச்சு.

எல்லாத்தையும் கணிச்சிரும்னு நம்பிடாதீங்க. செப்டம்பர்ல ஒருத்தர் ஒரு வருஷ ரிப்போர்ட்டை மொத்தமா எக்ஸ்போர்ட் பண்ணாரு, நாப்பது செகண்ட்ல ரேம் தீந்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல் இருக்கறதுலயே பெருசா இருந்த மைஎஸ்க்யூஎல்லைக் கொன்னுருச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வெக்கறவன் நாப்பது செகண்ட்ல நடக்கறதை எங்க பாக்கறது. மெல்ல ஏறற எதையும் கோடு பிடிக்கும், டிஸ்க், ஐநோட், ரெண்டு வாரமா கொஞ்சம் கொஞ்சமா ரேமைத் திங்கற புராசஸ். சட்டுனு விழறதுக்கு அளவு போட்டு கட்டுப்படுத்தத்தான் முடியும், நான் பிஹெச்பிக்கு ரேம் வரம்பு போட்டு, ரேம் பத்தாதப்ப டிஸ்க்ல இடம் குடுக்கற ஸ்வாப் 2 ஜிபி சேத்தேன். ரேம் பாக்கறவங்க ஃப்ரீங்கற எண்ணைப் பாக்காதீங்க, வேகத்துக்காக ரேம்ல தற்காலிகமா வெச்சிருக்கற கேஷ் எல்லாம் அதுல யூஸ் ஆனதா தெரியும், மெம்இன்ஃபோ ஃபைல்ல மெம் அவெய்லபிள்னு ஒரு வரி இருக்கும், அதான் உண்மை.

முன்னாடி பாக்கி வெச்சேனே, சொல்ற ஆள் செத்துட்டா யாரு சொல்றதுன்னு. ஸ்கிரிப்ட் ஓடி முடிக்கறப்ப கடைசி வேலையா ஒரு சின்ன ஃபைல்ல நேரத்தை எழுதும். வீட்ல சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அதை எடுத்துப் பாத்து, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல பழசா இருந்தா எனக்கு சொல்லும். பை செத்துட்டா என்ன பண்றது, அதனால பை கடைசியா எப்ப வந்து பாத்துட்டுப் போச்சுன்னு சர்வர் பாக்குது, அரை மணி நேரமா ஆளைக் காணோம்னா சர்வர் சொல்லும். ரெண்டும் ஒரே நேரத்துல சாகாத வரைக்கும் சரி. இதோட ஸ்கிரிப்ட் 160 வரி ஆச்சு, அதுக்கு மேல போக விடல.

மாசத்துல ஒரு நாள் எங்க ஏரியால பராமரிப்புக்குன்னு காலைல ஒன்பது மணிக்கு கரண்டை நிறுத்துவாங்க. நான் ஏதாவது கடையில உக்காந்திருப்பேன், ஒன்பதரைக்கு சர்வர்லேர்ந்து பையைக் காணோம்னு மெசேஜ் வரும். போன மாசம் வீட்டுக்கு போன் பண்ணி, "அம்மா, கரண்ட் போயிருச்சா, மேல டேங்க்ல தண்ணி இருக்கா?"ன்னு கேட்டேன். "நான் மோட்டார் போட மறந்துட்டேன், அது சரி, நீ கடைல இருக்கற, உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"ன்னாங்க.